அவிழ்த்தால் கட்டை, கட்டினால் படகு

கரை திரும்பிய கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, கட்டை கட்டையாகப் பிரித்து வெயிலில் போடுவார்கள். கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரத்துக்கு வடகிழக்கே பரங்கிப்பேட்டை வரை நீளும் இந்தக் கரையில் அது ஒரு காலத்து வழக்கம்.

எதற்கு இந்தச் சிரமம்? கட்டுமரத்துக்குப் படகைப்போலக் குடைந்த வயிறு கிடையாது. தண்ணீரைவிட லேசான மரம் என்பதால்தான் அது மிதக்கிறது. மரம் தண்ணீர் குடித்தால் கனத்துத் தாழும். கட்டியபடியே கிடந்தால் கட்டைகள் ஒட்டியிருக்கும் பக்கம் காயாது. ஆணி அடித்திருந்தால் பிரிக்கவும் முடியாது, துரு வேறு மரத்தைத் தின்னும். கயிறோ அலை மோதும்போது கொஞ்சம் நெகிழ்ந்துகொடுக்கும். ஒரு கட்டை உளுத்தால் அதை மட்டும் மாற்றினால் போதும், உளுத்தது அடுப்புக்கு. 1697-இல் வெளியான தன் பயண நூலில் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் இந்த மிதவையைப் பெயரோடு குறித்திருக்கிறார்.

மறுசுழற்சிக்காகப் பொருள்களை வடிவமைப்பவர்கள் இன்று தேடுவதும் இதைத்தான்: எளிதில் பிரிய வேண்டும், பிரிந்த பாகம் மறுபடி உதவ வேண்டும். பசை போட்டு ஒட்டிய கைப்பேசி பேட்டரியைக் கழற்றப் படும் பாடு நமக்குத் தெரியும். பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டது; அந்த விதி நடைமுறைக்கு வருவது 2027 பிப்ரவரியில்.

இங்கோ கதை எதிர்த்திசையில் போனது. 2004 டிசம்பர் 26 சுனாமி கட்டுமரங்களை அடித்துச் சென்ற பிறகு, நிவாரணமாக வந்த படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இன்ஜின் பூட்டலாம், தொலைவு போகலாம், மீனும் கூடுதலாக ஏற்றலாம். சிக்கல் அதன் உடம்பில் இருக்கிறது. கண்ணாடி இழையோடு பாலியெஸ்டர் பிசினைச் சேர்த்து இறுகவைக்கும்போது, பிசினின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துவிடுகின்றன. பிளாஸ்டிக் குடம் நெய் மாதிரி, சூடேற்றினால் உருகும். ஃபைபர் வெந்த முட்டை. எவ்வளவு சூடேற்றினாலும் பழையபடி ஆகாது, கருகத்தான் செய்யும். காற்றாலை இறக்கைகளுக்கும் ஏறக்குறைய இதே தலைவலி.

பழுதான ஃபைபர் படகை ஒழிக்க ஒரு வழி உண்டு. துண்டாக்கி சிமென்ட் சூளையில் போட்டால் பிசின் எரிபொருளாகும், கண்ணாடி சிமென்டுக்குள் கலந்துவிடும், ஜெர்மனியில் செய்கிறார்கள். சிமென்ட் ஆலைகள் நமக்கும் பக்கத்து மாவட்டமான அரியலூரிலேயே இருக்கின்றன. ஆனால் படகை முதலில் ரம்பத்தால் அறுக்க வேண்டும், மூக்கிலும் தோலிலும் குத்தும் அந்தத் தூளைச் சமாளிக்க வேண்டும், பிறகு லாரி பிடிக்க வேண்டும். கட்டுமரத்துக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரிந்த இரண்டு கைகள் போதும்.