ஸ்டியரிங் நடுங்கினால் கை மரத்துப் போகுமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பதி என் வைத்தியசாலைக்கு வந்தார்கள். கணவருக்கு 54 வயது, வங்கி அதிகாரி. "டாக்டர், ரெண்டு கையும் மரத்துப் போகுது. ராத்திரி முழிச்சு உதற வேண்டியிருக்கு" என்றார். மனைவி இடைமறித்தார்: "காபி டம்ளரையே நழுவ விட்டுட்டார் டாக்டர். பக்கவாதமா இருக்குமோன்னு எனக்குத் தூக்கமே வரலை."

பக்கவாதம் பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தைத் திடீரென்று தாக்கும். வாய் கோணும், பேச்சு குழறும். அப்படி வந்தால் எண்ணெய், பற்று என்று வீட்டில் உட்காராமல் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இவருக்கு அப்படி இல்லை. இரண்டு கையிலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும்தான் மரத்தன. மணிக்கட்டு வழியாகச் செல்லும் நரம்பு அழுந்தும்போது வரும் குறி இது.

"புதுசா என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லை. புதுக் கார் வாங்கியிருக்கேன். வாரா வாரம் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு நானே ஓட்டிட்டுப் போறேன். எண்பதைத் தாண்டினா ஸ்டியரிங் நடுங்குது. அதனால இறுக்கிப் பிடிச்சுக்கறேன்."

விடை கிடைத்துவிட்டது! போக 160 கிலோமீட்டர், வர 160 கிலோமீட்டர். அத்தனை நேரமும் மணிக்கட்டை மடக்கி, முஷ்டியை இறுக்கினால் நரம்பு என்ன செய்யும்?

அதிர்வு கையைக் கெடுக்குமா?

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துக் கல் குவாரிகளில், காற்றழுத்த உளி பிடித்த தொழிலாளிகளின் விரல்கள் வெளுத்து மரத்துப் போவதை 1918-ல் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்து எழுதினார். கார் ஸ்டியரிங்கின் அதிர்வு அந்த அளவுக்குக் கடுமையானதல்ல, பயம் வேண்டாம். ஆனால் அதிர்வுக்குப் பயந்து இறுக்கிப் பிடிப்பதுதான் மணிக்கட்டுக்கு வினை. உடலின் அசைவுகளை நடத்துவது வாதம் என்பது சித்த மருத்துவம். கை கால்களை நீட்டி மடக்கச் செய்வது அதில் வியானன் என்னும் வாயு. ஓய்வில்லாமல் ஒரே நிலையில் இறுக்கினால் அது கெடும்.

முதலில் வண்டிக்கு வைத்தியம்

"ஷோரூமில் கேட்டீங்களா?" என்றேன். "புது வண்டி, ஓட ஓட சரியாயிடும்னு சொல்லிட்டாங்க" என்றார். அது சரியான பதில் அல்ல. நாங்கள் நாடியும் நாக்கும் பார்ப்பதுபோல வண்டியையும் குறி பார்த்து அறியலாம்.

* குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால், பெரும்பாலும் முன்சக்கர வீல் பேலன்சிங் சரியில்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பதினான்கு, பதினைந்து முறை சுற்றுகிறது. சில கிராம் எடை வித்தியாசமே நடுக்கம் தரும்.
* சீட் நடுங்கினால் பின்சக்கரத்தைச் சந்தேகியுங்கள்.
* பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.
* வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் வீல் அலைன்மென்ட், டயர் காற்று இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.
* வெகுநாள் நிறுத்தி வைத்த வண்டியில் டயர் ஒரு பக்கம் தட்டையாகி இருக்கலாம். சற்று தூரம் ஓடிச் சூடேறியும் நடுக்கம் போகாவிட்டால் டயரை மாற்றக் கேளுங்கள்.
* நடுக்கம் திடீரென்று அதிகமானால் ஓரமாக நிறுத்தி, சக்கர நட்டுகளைப் பாருங்கள். இது உயிர் விஷயம்.

புகாரை வாயால் சொல்லி விடாதீர்கள். எந்த வேகத்தில், எப்போது என்று ஜாப் கார்டில் எழுதச் செய்து, நகல் வாங்குங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து அதே வேகத்தில் ஓட்டிக் காட்டுங்கள். தட்டிக் கழித்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

பிறகு கைக்கு வைத்தியம்

ஸ்டியரிங்கை மென்மையாகப் பிடியுங்கள். மணிக்கட்டு மடங்காதபடி சீட்டைச் சரி செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி விரல்களை விரித்து மூடுங்கள். நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி இளஞ்சூட்டில் ஒத்தடம் தரலாம். மரத்த கைக்குச் சூடு தெரியாது. வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகே வையுங்கள். உளுந்துத் தைலத்தை முன்கையில் இலேசாகத் தடவலாம். தைலம் தசை இறுக்கத்தைத் தளர்த்தும். அழுந்திய நரம்பை விடுவித்துவிடாது. தூங்கும்போது மணிக்கட்டு நேராக இருக்கும்படி பட்டை கட்டுவது நல்லது. சில வாரங்களில் குறையாவிட்டாலோ, கட்டைவிரல் அடிச்சதை மெலிந்தாலோ நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.

நம் வங்கி நண்பருக்கு என்ன ஆயிற்று? ஷோரூமில் சக்கரங்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டபோது நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டு சீட்டுக்குப் போனது. ஒரு டயர் கோணல்! வாரண்டியில் மாற்றித் தந்தார்கள். ஒன்றரை மாதத்தில் இரவு விழிப்பு நின்றது.

இன்னொன்று. மரத்துப் போகிறது என்று வருகிற எல்லோருக்கும் நான் சர்க்கரை பார்க்கச் சொல்வேன். இவருக்கு வெறும் வயிற்றில் 118 இருந்தது. சர்க்கரை நோயின் வாசற்படி. "கார் நடுங்கினதும் நல்லதுக்குத்தான் டாக்டர்" என்றார் அவர் மனைவி. இப்போது இருவரும் காலையில் நடக்கிறார்கள், காரை வீட்டில் விட்டுவிட்டு!