ஆறு கம்பிகள் – 9: எதை விடலாம், எதை விடக்கூடாது

போன வாரம் எஃப் கார்டோடு மல்லுக்கட்டினோம். சுட்டுவிரல் இன்னும் வலிக்கிறதா? அந்த கார்டு படியும்வரை பாட்டுகளைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பாட்டை உங்கள் கைக்கும் குரலுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். அதைக் குறுக்குவழி என்று நினைக்காதீர்கள். பாட்டுக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

லியனார்ட் கோஹனின் ‘ஹல்லேலூயா’வை எடுத்துக்கொள்வோம். 1984இல் அவர் பாடியபோது டிரம்ஸும் கோரஸும் சேர்ந்து ஒலித்தன. 1991இல் ஜான் கேல் அதையெல்லாம் விட்டுவிட்டு பியானோவை மட்டும் வைத்துப் பாடினார். கேல் பாடியதைப் பின்பற்றி, ஜெஃப் பக்லி 1994இல் ‘கிரேஸ்’ ஆல்பத்தில் ஒற்றை எலெக்ட்ரிக் கிடாரோடு பாடினார். மெட்டு அதேதான். ஆனாலும் மூன்றும் மூன்று பாட்டுகள்!

பக்லி என்ன செய்தார் பாருங்கள். பாட்டு சி மேஜரில் இருக்கிறது. அப்படியே வாசித்தால் எஃப் வந்து நிற்கும். அவர் ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போவை, அதாவது எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வியை, மாட்டி, ஜி மேஜர் கார்டுகளைப் பிடித்தார். ஜி பிடித்தால் சி ஒலிக்கும். ஈ மைனர் பிடித்தால் ஏ மைனர். நம்மைப் படுத்திய எஃப், எளிய சி வடிவத்திலேயே கிடைத்துவிடுகிறது. கம்பியின் நீளம் குறைவதால் ஒலியும் மணிபோலத் தெளிகிறது. உங்கள் குரலுக்கு இந்தச் சுருதி உயரமா? கேப்போவை இரண்டாவது ஃப்ரெட்டுக்கு இறக்குங்கள், பாட்டு ஏ மேஜருக்கு வந்துவிடும். விரல்கள் பிடிப்பது மாறாது.

வலது கைக்கு ஸ்ட்ரம்மிங் கட்டாயமில்லை. பாட்டின் நடை தகிட தகிட. கட்டைவிரலால் கீழ்ஸ்தாயிக் கம்பி ஒன்று, பிறகு மூன்றாம், இரண்டாம், முதல் கம்பிகள், மறுபடி இரண்டு, மூன்று. ஆறு மீட்டலில் ஒரு சுற்று முடியும். கோரஸ் இல்லாத குறை தோன்றினால், பல்லவி வரும்போது மட்டும் எல்லாக் கம்பிகளையும் மெதுவாக வருடிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். பல்லவிக்குச் சற்று முன்னால் ஈ செவன் கார்டு வரும். நம் பிடிப்பில் அது பி செவன். நாலு விரலும் வேண்டும் என்பதால் பழகுபவர்கள் அதை ஈ மைனராக்கி ஒப்பேற்றிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. சி மேஜர் ஸ்கேலில் இல்லாத ஜி ஷார்ப் அந்த கார்டில்தான் இருக்கிறது. அடுத்து வரும் ஏ மைனரை நோக்கி நம்மை இழுப்பது அந்த ஒரு ஸ்வரம். பி செவனில் நான்காம் கம்பியின் முதல் கட்டத்தில் சுட்டுவிரல் வைக்கிறோமே, அந்த ஒலிதான் அது. மற்ற விரல்கள் தடுமாறினாலும் அந்தக் கம்பி ஒலிக்கட்டும். இந்த வாரம் பி செவனிலிருந்து ஈ மைனருக்குப் போவதை மட்டும், வேகம் பார்க்காமல் பழகுங்கள். அடுத்த வாரம் இதற்கு நாமே ஒரு முன்னிசை அமைப்போம்.