உணவு ஒவ்வாமை: லேபிளில் பார்க்க வேண்டியவையும் கேட்டு அறிய வேண்டியவையும்

உணவு ஒவ்வாமை என்பது, பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாத ஓர் உணவுப் புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு பகையாகக் கருதி எதிர்வினை புரிவதாகும். சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் மட்டுமே தோன்றும். வேறு சிலருக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் ஏற்பட்டு, உயிருக்கே ஆபத்து நேரலாம். ஒவ்வாத உணவைத் தவிர்ப்பதே இதற்கு முதன்மையான பாதுகாப்பாகும்.

திருநாவலூர் வட்டாரத்தில் நிலக்கடலையும் எள்ளும் அன்றாட உணவில் கலந்தவை. சட்னி, இட்லிப் பொடி, கடலை மிட்டாய், எள்ளுருண்டை எனப் பல வடிவங்களில் இவற்றை உண்கிறோம். எனவே இப்பகுதியில் வாழும் ஒவ்வாமை நோயாளிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை.

பெயர்க் குழப்பம்

மல்லாட்டை, மணிலா, வேர்க்கடலை, நிலக்கடலை ஆகிய அனைத்தும் ஒரே பொருள். ஆங்கில லேபிள்களில் இது ‘பீநட்’ அல்லது ‘கிரவுண்ட்நட்’ எனக் குறிக்கப்படும். கடலை மாவும் பொட்டுக்கடலையும் கொண்டைக்கடலை வகையிலிருந்து கிடைப்பவை, அவை வேறு. கடைக்காரர் “கடலைதான் போட்டிருக்கிறோம்” என்றால், எந்தக் கடலை என்று கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

சட்டம் கூறுவது என்ன?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளின்படி, பொதியப்பட்ட உணவில் பின்வருவன இருந்தால் அவற்றைத் தனியே அறிவிக்க வேண்டும்:

- கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள்
- பால், பால் பொருள்கள்
- முட்டை
- மீன்
- இறால், நண்டு போன்றவை
- நிலக்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள்
- சோயா
- கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் உள்ள சல்பைட்

‘உள்ளது’ என்ற அறிவிப்பு, அப்பொருள் சேர்க்கப்பட்டிருப்பதைக் குறிக்கும். ‘இருக்கலாம்’ என்ற அறிவிப்பு, தயாரிப்பின்போது அது தற்செயலாகக் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதைக் குறிக்கும். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் இரண்டையும் தவிர்க்க வேண்டும். சைவ உணவைக் குறிக்கும் பச்சைக் குறி, ஒவ்வாமைக்கான உத்தரவாதம் அன்று. பாலும் நிலக்கடலையும் சைவ உணவுகளே.

லேபிள் சொல்லாதவை

மேற்கண்ட பட்டியலில் எள் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளையும் அறிவிப்பது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பிரிட்டனில் 2016ஆம் ஆண்டு நடாஷா எட்னான்-லபெரூஸ் என்ற 15 வயதுச் சிறுமி, மாவில் எள் சேர்த்துச் சுடப்பட்ட ரொட்டியை உண்டு உயிரிழந்தார். கடையிலேயே பொதியப்பட்ட அந்த ரொட்டியின் உறையில் எள் குறிப்பிடப்படவில்லை. அதன்பின் அங்கு 2021 அக்டோபரில், இவ்வாறு பொதியப்படும் உணவுகளிலும் சேர்பொருள் விவரத்தை முழுமையாக அச்சிட வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. எள் ஒவ்வாமை உள்ளவர்கள் ஒவ்வாமை அறிவிப்போடு நின்றுவிடாமல், சேர்பொருள் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும்.

கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்க்கப்படுவது வழக்கம். செக்கு எண்ணெயில் கடலை அல்லது எள்ளின் புரதம் எஞ்சியிருக்கலாம். வறுப்பதாலோ வேகவைப்பதாலோ நிலக்கடலையின் ஒவ்வாமைத் தன்மை நீங்குவதில்லை.

தயாரிக்கும் இடத்தில் கலப்பது எப்படி?

கடலையை வறுத்த சட்டி, அரைத்த இயந்திரம், சலித்த சல்லடை, பொதியும் மேசை ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் துகளே போதும். இனிப்பு, பொடி வகைகளைத் தயாரிக்கும் மகளிர் குழுவினரும் சிறு தொழில் முனைவோரும் கடலை, எள் சேராதவற்றை முதலில் தயாரித்து, சேர்ந்தவற்றைப் பின்னர் தயாரிக்கலாம். இடையில் கருவிகளை நன்கு கழுவ வேண்டும். உடைந்த மிட்டாயை வேறு வகையில் சேர்க்கக் கூடாது. சேர்பொருள் மாறினால் லேபிளையும் மாற்ற வேண்டும்.

பராமரிப்போர் செய்ய வேண்டியவை

- ஒவ்வொரு முறை வாங்கும்போதும் லேபிளைப் படியுங்கள். பழகிய பொருளிலும் சேர்பொருள் மாறியிருக்கலாம்.
- லேபிள் இல்லாத பொட்டலத்தை ஒவ்வாமை உள்ளவருக்குக் கொடுக்காதீர்கள்.
- அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர் ஆகியோரிடம் குழந்தையின் ஒவ்வாமையை எழுத்து மூலம் தெரிவியுங்கள்.
- திருவிழா, திருமண விருந்துகளில் சமையற்காரரிடம் நேரில் கேளுங்கள். “கொஞ்சம் தின்றால் ஒன்றும் ஆகாது” என்பதை ஏற்காதீர்கள்.
- சந்தேகத்தின் பேரில் மட்டும் முட்டையையும் பாலையும் நிறுத்தாதீர்கள். குழந்தைக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு ஏற்படலாம். மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.
- லேபிளில் தவறு கண்டால் பொட்டலத்தைப் பத்திரப்படுத்தி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் அளியுங்கள்.

அவசர நிலை

உணவு உண்டபின் நாக்கு அல்லது தொண்டை வீக்கம், குரல் மாற்றம், மூச்சுத் திணறல், தொடர் வாந்தி, மயக்கம் ஆகியவை தோன்றினால் உடனே 108ஐ அழையுங்கள். நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்கவிடாதீர்கள்.

இந்நிலையில் உயிர் காக்கும் முதல் மருந்து, தொடைத் தசையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே. அரிப்புக்கான மாத்திரை அதற்கு ஈடாகாது. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்தானது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ தாமதமின்றிச் செல்லுங்கள். கல்வராயன் மலைக் கிராமங்களில் வசிப்போர் பயண நேரத்தைக் கருதி, முதல் அறிகுறியிலேயே புறப்பட வேண்டும். அறிகுறிகள் தணிந்தபின் மீண்டும் தோன்றக்கூடும் என்பதால், மருத்துவர் கூறும் வரை மருத்துவமனையில் கண்காணிப்பில் இருப்பது அவசியம்.