பத்து மாட்டுக் கொட்டகைக்கு எவ்வளவு ஆகும்?

கொட்டகை போட நினைப்பவர் முதலில் கேட்பது, "சதுர அடி என்ன ரேட்?" என்றுதான். பட்டறைக்காரரும் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். அது தரையின் சதுர அடியா, கூரையின் சதுர அடியா என்று அங்கேயே கேட்டுக்கொள்பவர்கள் குறைவு. கணக்கு உதைப்பது பெரும்பாலும் இதில்தான். ரூபாய் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும், அளவு மாறாது. அளவைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்கப் போவதே நல்லது.

பத்துக் கறவை மாடுகள், அவற்றின் கன்றுகள் என்று வைத்துக்கொள்வோம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுப்படி கூரைக்கடியில் ஒரு பசுவுக்கு 3.5 சதுர மீட்டர் வேண்டும், எருமைக்கு 4, கன்றுக்கு 1. பத்துப் பசுவுக்கும் பத்துக் கன்றுக்கும் 45 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 485 சதுர அடி. இது மாட்டுக்கான இடம் மட்டுமே. தீவனம் போடுபவரும் சாணி அள்ளுபவரும் நடக்க வேண்டாமா?

ஒரே வரிசையில் கட்டினால் மாட்டுக்கு 4 அடி வீதம் 40 அடி நீளம். கன்றுகளுக்கு ஓரத்தில் 10 அடி. குறுக்கே பார்த்தால் தீவனம் போடும் நடைபாதை 4 அடி, தீவனத் தொட்டி இரண்டரை, மாடு நிற்கும் இடம் ஐந்தரை, மூத்திர வாய்க்கால் 1, பின்பக்க நடை 4. ஆக அகலம் 17 அடி, தரை 850 சதுர அடி. கூரை இதைவிடப் பெரியது. சாரல் உள்ளே வராமலிருக்க நாலா பக்கமும் 2 அடி இறவாரம் விட்டு, நடுவில் மோடு வைத்துச் சரித்தால் 1,200 சதுர அடியைத் தொடும். தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பகுதி தனி. தரைக் கணக்கில் பேசிவிட்டு வந்தவருக்குக் கூரைக் கணக்கில் பில் வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிப்போகும்.

அடுத்து தூண். பத்தடிக்கு ஒன்று என்றால் பக்கத்துக்கு ஆறு, மொத்தம் 12. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கல்தூண் எளிதாகக் கிடைக்கும். மற்ற இடங்களில் இரும்புக் குழாய், சிமென்ட் தூண். கடலோரத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் அங்கே சிமென்ட் தூணே மேல். எதை நட்டாலும், தூணை எவ்வளவு ஆழம் இறக்கினோம், குழியில் எவ்வளவு கான்கிரீட் கொட்டினோம் என்பதுதான் முக்கியம். மிச்சம் பிடிப்பவர்கள் முதலில் கைவைப்பதும் அங்கேதான், கண்ணுக்குத் தெரியாத இடமாயிற்றே.

திறந்த கொட்டகைக்குக் கீழ்நோக்கிய பாரம் பெரிய பிரச்சினையே அல்ல. 1,200 சதுர அடிக்கு அரை மில்லிமீட்டர் தகடு போட்டால் ஏறக்குறைய அரை டன் எடைதான் வரும். ஆபத்து மேல்நோக்கிய இழுவையில் இருக்கிறது. பக்கச் சுவர் இல்லாததால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும், மேலே ஓடும் காற்றும் உறிஞ்சும். கட்டடப் பொறியாளர்கள் பின்பற்றும் ஐஎஸ் 875 தரநிலை ஊர்வாரியாகக் காற்றின் வேகத்தைக் கொடுத்திருக்கிறது. சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், திருச்சிக்கு 47, கோவைக்கும் மதுரைக்கும் 39. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 39 மீட்டர் வேகத்தில் சதுர மீட்டருக்கு 93 கிலோவாக இருக்கும் அழுத்தம், 50 மீட்டரில் 150-ஐத் தாண்டிவிடும். கோவையில் நிற்கும் கொட்டகையின் வரைபடத்தை அப்படியே கடற்கரை மாவட்டத்தில் கட்டுவது ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலைப் பார்த்தவர்களுக்கு எந்தச் சான்றும் தேவைப்படாது.

தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 150-இல் பாதி மட்டுமே கூரையை மேலே இழுக்கிறது என்று வைத்தாலும், நம் கொட்டகையின் ஒவ்வொரு தூணையும் சுமார் 700 கிலோ பிடுங்கப் பார்க்கும். ஒரு கன அடி கான்கிரீட் 68 கிலோ. குழிக்கு 10 கன அடி கொட்டினால்தான் எடை ஏறக்குறைய ஈடாகும். கெட்டியான மண்ணும் பிடித்துக்கொள்ளும்தான். ஆனால் புயலோடு மழையும் சேர்ந்தே வரும், ஊறிய மண்ணின் பிடியை நம்ப முடியாது. 12 குழிக்கு 120 கன அடி என்பதைத் தனி வரியாகவே பட்ஜெட்டில் எழுதிவிட வேண்டும். கூடவே திருகாணிச் செலவையும். தகடு பெரும்பாலும் இறவாரத்திலும் முகட்டிலும்தான் முதலில் கழன்றுகொள்ளும். அந்த ஓரங்களில் நெருக்கமாகத் திருகாணி அடிக்கச் சொல்லுங்கள், வாஷர் இல்லாமல் அடிக்க விடாதீர்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், தகரம் எம்மாத்திரம்?

கூரைக்குத் தென்னங்கீற்று போட்டால் குளிர்ச்சி, முதல் செலவும் குறைவு. ஆனால் ஒன்றிரண்டு ஆண்டுக்கொருமுறை வேய வேண்டும், தீயின் பயமும் உண்டு. தகரம் நீடிக்கும், சூடு இறக்கும். மேல்புறம் வெள்ளை அடித்து, உயரத்தைக் கூட்டி, நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கும்படி வைத்தால் சூடு பாதி சமாளிக்கப்படும். ஜெர்சி, எச்எஃப் கலப்பின மாடு வைத்திருப்பவர்களுக்கு இது பால் கணக்கோடு சேர்ந்த விஷயம். காங்கேயம் கொஞ்சம் தாங்கும்.

நான்கு பக்கமும் சுவர் எழுப்பி, சன்னல் வைத்து, டைல்ஸ் ஒட்டிய கொட்டகைகளையும் பார்க்க முடிகிறது. மாட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. காற்றோட்டம் போகும், வழுக்கும். சாரல் அடிக்கும் பக்கம் மூன்றடிச் சுவரும் ஐப்பசி, கார்த்திகைக்குச் சுருட்டி இறக்கும் தார்ப்பாயும் போதும். அந்தப் பணத்தைத் தரையில் போடலாம். 850 சதுர அடிக்கு 4 அங்குலக் கான்கிரீட், ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவையில் என்றால், சுமார் 50 மூட்டை சிமென்ட், ஒன்றேகால் யூனிட் எம்-சாண்ட், இரண்டரை யூனிட் ஜல்லி ஆகும். மாடு நிற்கும் ஐந்தரை அடிக்கு ஒன்றரை அங்குலம் வாய்க்கால் பக்கம் வாட்டம் வேண்டும். மேற்பரப்பைக் கரணையால் மழமழவென்று தேய்க்காமல் கோடு கீறிவிடச் சொல்லுங்கள்.

கையில் பணம் போதவில்லை என்றால் கூரையையும் தூணையும் முழுதாக முடித்து, தரையில் மாடு நிற்கும் பகுதியையும் வாய்க்காலையும் மட்டும் இந்த ஆண்டு போடலாம். நடைபாதை மண்ணாகவே காத்திருக்கட்டும். குழியைச் சிறிதாக்கி மிச்சம் பிடிப்பதை மட்டும் தவிருங்கள். கால்நடை வளர்ப்போருக்கும் கிடைக்கும் கிசான் கிரெடிட் கார்டு, தீவனம், மருந்து போன்ற நடைமுறைச் செலவுக்கானது. அதை எடுத்துக் கொட்டகையில் போட்டுவிட்டால் அடுத்த மாதத் தவிட்டுக்கு வெளியே கடன் வாங்க நேரும். கட்டுமானத்துக்கு வங்கியில் தவணைக் கடனே கேட்க வேண்டும். சாணக்குழி, தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு மூன்றும் பட்டறைக்காரரின் தொகையில் பெரும்பாலும் இருக்காது.

வேலையைத் தையில் தொடங்கினால் வசதி. மழைத் தொல்லை இருக்காது, குழி காய்ந்திருக்கும், ஆடிக் காற்றுக்கு முன்பே தகடு ஏறிவிடும். தரை போட்ட பிறகு ஏழு நாளாவது தண்ணீர் கட்டி நிறுத்தி, அதற்கும் மேல் இரண்டு வாரம் விட்டு மாட்டைக் கட்டுங்கள்.