கைபேசிவழிக் கேலியும் ஆசிரியர் கடமையும்

பள்ளிப் பிள்ளைகளுள் ஒருவரையொருவர் கேலி செய்து வருத்தும் வழக்கம் புதிதன்று. முன்னாளில் அது பள்ளி விடும் மணியோடு ஒருவாறு ஓய்ந்தது. இன்றோ கைபேசியின் வழியே வீட்டிற்குள்ளும் தொடர்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் இட்ட இழிவான படத்தைச் சில நிமிடங்களில் வகுப்பு முழுவதும் கண்டுவிடும். அவன் அதை அழித்த பின்னரும் பிறர் கைபேசிகளில் பிரதிகள் எஞ்சியிருக்கும்.

இத்துன்பத்திற்கு உள்ளாகும் குழந்தைகள் பலர் அதைப் பெரியோரிடம் கூறுவதில்லை. கூறினால் கைபேசி பறிக்கப்படும், பழியும் தம்மீதே விழும் என்று அஞ்சுகின்றனர். எனவே, ஆசிரியர் முதலில் செய்யத்தக்கது பொறுமையுடன் கேட்பதேயாகும். கைபேசி ஒலித்ததும் பதறுதல், பள்ளி செல்லத் தயங்குதல், உறக்கம் குறைதல் ஆகிய குறிகளையும் அவர் கவனித்தல் வேண்டும்.

பின்லாந்து நாட்டில் கிறிஸ்டினா சால்மிவல்லி முதலியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஓர் உண்மையை விளக்கிற்று. வருத்துபவனும் வருந்துபவனும் மட்டுமன்றி, உடன் சேர்வோர், நகைத்து ஊக்குவோர், விலகி நிற்போர், துணை நிற்போர் எனப் பலரும் இதில் பங்கு கொள்கின்றனர். இக்கருத்தைத் தழுவியே துர்க்கு பல்கலைக்கழகத்தார் 'கிவா' என்னும் பள்ளித் திட்டத்தை வகுத்தனர். இணையத்தில், படத்தைப் பிறருக்கு அனுப்புவதும் சிரிப்புக்குறி இடுவதும் ஊக்குவித்தலேயாகும். இதனை வகுப்பில் எடுத்துரைத்து, வருந்தும் தோழனுக்குத் துணை நிற்க மாணவர்களைப் பழக்குதல் நலம்.

புகார் வரின், செய்திகளை அழித்துவிடாமல், நாளும் நேரமும் தெரியுமாறு திரைப்படிவம் எடுத்து வைத்தல் வேண்டும். பின்னர் அனுப்பியவரின் கணக்கைத் தடுத்து, அச்செயலியை நடத்தும் நிறுவனத்திற்கு அறிவிக்கலாம். ஆனால் குழந்தையின் ஆபாசப் படமாயின், சான்றுக்கென்றும் அதைப் படியெடுத்தலோ பிறருக்கு அனுப்புதலோ கூடாது. அத்தகைய படங்களைச் சேகரிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றமாகும். அவ்வாறான நிலையில் உடனே காவல் துறைக்கோ தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திற்கோ தெரிவித்தல் வேண்டும். 1098 என்னும் குழந்தை உதவி எண்ணையும், மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.

வருத்தியவனும் சிறுவனே என்பதை மறத்தலாகாது. அவனை வகுப்பின் நடுவே நிறுத்தி அவமதித்தால், பிறரை அவமதிப்பது தகும் என்ற பாடத்தையே ஏனையோர் கற்பர். அவனைத் தனியே அழைத்துப் பேசி, செய்த தீங்கை உணரச் செய்து, பெற்றோருடன் கலந்து திருத்துவதே முறையாகும். சில நாட்கள் கழித்து, துன்புற்ற குழந்தையை மீண்டும் அழைத்து, தொல்லை நின்றதா என விசாரித்தலும் அவசியம்.