குண்டூசிக்குப் பதில் பசை

புதுச்சேரி–கடலூர் சாலையிலுள்ள தவளக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் குண்டூசி சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்தக் கறை துணியில் ஏறினால் எளிதில் போகாது. பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் போர்வைக்கு ஓரப்பட்டி வைக்க, குண்டூசியைவிடத் தண்ணீரில் கரையும் பசையே மேல். குண்டூசி குத்திய இடத்தில் தடித்த துணி மேடுதட்டும், பட்டி நகரும். பசை பட்டி முழுவதையும் சீராகப் பிடிக்கும். பட்டியை மடித்து, உள்விளிம்பில் பொட்டுப் பொட்டாகப் பசை வைத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக் காயவைத்தபின் தைக்கலாம்.

பசை மெஷின் ஊசியில் ஒட்டாதா, துணி விறைக்காதா என்று கேட்பது நியாயமே. அதிகம் பூசினாலோ, காயுமுன் தைத்தாலோ அப்படித்தான் ஆகும். அளவாக வைத்தால் துவைக்கும்போது கரைந்துபோய்த் தையல் மட்டுமே மிஞ்சும். சாயம் போகும் துணிக்கும், துவைக்கக் கூடாத பட்டுக்கும் இது ஆகாது. எந்தப் பசையானாலும் முதலில் ஒரு வெட்டுத்துண்டில் ஒட்டித் துவைத்துப் பார்த்துவிடுங்கள்.