மூளையின் ஆழமும் ஒரகடத்தின் கடமையும்

ரண சிகிச்சை என்றால் பெரிதாகக் கீறித் திறப்பதே என்று எண்ணுவோர் நம்மில் பலர். மூளையின் அடியாழத்தில் அவ்வழி செல்லாது. போகும் பாதையில் பேச்சும் பார்வையும் பாழாகக்கூடும். ஆகவே தலையில் உலோகச் சட்டமொன்றைப் பொருத்தி, நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று அளவுகளால் நோயின் ஸ்தானத்தை நிர்ணயித்து, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய கம்பியைச் செலுத்துகிறார்கள். நடுக்குவாத நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார். நடுங்கும் கை அடங்குவதை வைத்தியர் அங்கேயே கண்டு தெளிவார்.

1947-ல் அமெரிக்காவில் ஸ்பீகலும் வைசிஸும் மனிதரிடம் கையாண்ட இம்முறை, சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் தொடங்கிய நரம்பு ரண சிகிச்சைப் பிரிவில் பின்னர் வேரூன்றிற்று. டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும் டாக்டர் டி. எஸ். கனகாவும் அதனை வளர்த்தனர். அது ஏழைகள் நாடும் சர்க்கார் ஆஸ்பத்திரி என்பதை மறக்கலாகாது.

கை நம்முடையது, கருவி யாருடையது? மூளையின் ஆழத்தில் மின்முனை பதித்து நடுக்கத்தை அடக்கும் சாதனங்கள் இன்றும் பெரும்பாலும் அயல்நாட்டுச் சரக்கே. விலையோ பல லட்சம் ரூபாய். ஏழை என் செய்வான்?

படப்பையைத் தாண்டி ஒரகடம் சென்றால், மில்லிமீட்டரின் சிறு பின்னத்தையும் பிசகாது உலோகம் கடையும் மோட்டார்த் தொழிற்சாலைகளைக் காணலாம். மத்திய சர்க்கார் 2021-ல் கொள்கையளவில் ஒப்புக்கொண்ட மருத்துவக் கருவிப் பூங்காவுக்கும் அங்கேயே 350 ஏக்கர் குறிக்கப்பட்டது. நிலமும் சலுகையும் மட்டும் போதா. வைத்தியரும் தொழில் நிபுணரும் கலந்து உழைக்க வேண்டும். தரமான சுதேசிக் கருவியை வாங்குவோமென்று சர்க்கார் ஆஸ்பத்திரிகள் முன்னரே உறுதி கூற வேண்டும். கார் செய்யும் கைகளுக்கு இது கைகூடாத காரியமா?